எங்கள் வீட்டுக் கன்னி

என் கணவர் சிங்கப்பூரை ஒரேயடியாக விட்டுவிட்டு ஊர் திரும்பிய இரண்டாவது மாதம், உடையார்பாளையம் வரைக்கும் போய்விட்டு வருகிறேன் என்று ஒருநாள் காலையில் பஸ் ஏறினார். சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் அவரோடு வெல்டிங் வேலை பார்த்தவர் ஒருவர் அந்த ஊரில் முந்திரிக்காடு வாங்கிப் போட்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டு வருவதாகத்தான் பேச்சு. சாயங்காலம் எங்கள் வாசலில் ஒரு சரக்கு ஆட்டோ வந்து நின்றது. பெரம்பலூருக்கு வெங்காயம் ஏற்ற வந்த வண்டியாம். பின்பக்கம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார் இவர். மடியில் ஒரு நாயின் தலை.

கறுப்பு நாய். கண்ணுக்கு மேலே இரண்டு பழுப்புப் பொட்டு, நாலு பாதத்திலும் அதே பழுப்பு. வயிறு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. இறங்கி நின்றபோது அதன் முதுகு என் தொடை வரைக்கும் வந்தது.

"கன்னி" என்றார்.

நான் பார்த்தேன். ஆண் நாய். அதைச் சொன்னேன்.

"ஜாதிப் பேரு அது. ஆணா இருந்தாலும் கன்னிதான்."

எதற்கு என்று கேட்டேன். புடிச்சிருந்துச்சு என்று சொல்லிவிட்டு, அதற்குத் தண்ணீர் வைக்கப் பாத்திரம் தேடினார். பாத்திரம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். லீவில் வந்து போன நாட்களை எல்லாம் கூட்டினால் ஒரே கூரையின் கீழ் இருந்தது இரண்டு வருஷம் தேறாது. நான் ஊருக்குப் பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். காலை எட்டேகாலுக்கு வீட்டைப் பூட்டுவேன், சாயங்காலம் வந்து திறப்பேன். மகள் திருச்சி ஹாஸ்டலுக்குப் போனபிறகு ராத்திரிக்கு சமைப்பதைக்கூட விட்டிருந்தேன். இப்போது நான் கிளம்பும்போது ஒருவர் வாசலில் நிற்கிறார், வரும்போதும் நிற்கிறார். என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. போனில் தினமும் அரை மணி நேரம் பேசிய ஆட்கள்தான் நாங்கள். நேரில் அந்தப் பேச்சு வரவில்லை. இது இப்படி இருக்கும்போதுதான் நாய் வந்தது.

முதல் வாரம் அது குரைக்கவே இல்லை. ஊமையோ என்று சந்தேகப்பட்டேன். சோறு வைத்தால் மோந்து பார்த்துவிட்டு என்னையும் பார்க்கும், சோற்றையும் பார்க்கும், போய்ப் படுத்துக்கொள்ளும். விலா எலும்பு எண்ணிப் பார்க்கிற மாதிரி தெரிந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டம்மா ஒருநாள் மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோற்றைச் சட்டியோடு கொண்டுவந்து வைத்துவிட்டு, வாயில்லாத ஜீவன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அவமானமாகிவிட்டது. மறுநாளிலிருந்து முட்டை, பால், கோழிக் கால் என்று மாற்றி மாற்றி வைத்தேன். நாய்க்கு வயிற்றால் போனது. கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம்.

அங்கிருந்த டாக்டரம்மா என் மகளைவிட ஏழெட்டு வயதுதான் பெரியவராக இருப்பார். கையால் அதன் விலாவைத் தடவிவிட்டு, இந்த இனத்துக்குக் கடைசி மூன்று எலும்பு வெளியே தெரிய வேண்டும், தெரியாவிட்டால்தான் என்னிடம் வரவேண்டும் என்றார். நீங்கள் நல்ல உடம்புக்கு வைத்தியம் பார்த்திருக்கிறீர்கள் என்று சிரித்தார். நான் தினமும் மருந்துச் சீட்டைப் படித்து, எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று சொல்லிக் கொடுக்கிறவள். இந்த நாய்க்கு அப்படி ஒரு சீட்டு இருந்தால் தேவலை என்று தோன்றியது.

காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் என்று இவர் அதைக் கயிற்றில் பிடித்து நடத்திக்கொண்டு போவார். திரும்பி வரும்போது இவருக்கு மூச்சு வாங்கும். நாய்க்கு ஒன்றும் ஆகியிருக்காது. வீட்டுக்குள் வந்ததும் அறைக்கு அறை சுற்றும். ஒருநாள் மெத்தையைக் கிழித்து இலவம்பஞ்சை வாசல் வரை இழுத்துப் போட்டிருந்தது. இன்னொரு நாள் இவருடைய பெரிய பெட்டி, வருஷத்துக்கு ஒருதரம் விமானத்தில் வந்து போன அந்தப் பெட்டியின் கைப்பிடியைக் கடித்துத் தனியே எடுத்து வைத்திருந்தது. காம்பவுண்டுச் சுவர் என் உயரம். அதைத் தாண்டிக் குதித்து மூன்று தெரு சுற்றிவிட்டு, அதே சுவரைத் தாண்டித் திரும்பி வரும். யாரையும் கடிக்கவில்லை. ஆனால் பக்கத்து வீட்டம்மாவின் சேவல் ஒன்று போனது. மீன் குழம்புச் சோறு போட்டவரின் சேவல்.

திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நான் சொன்னேன். இவர் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் இருப்பது என்றால் என்ன அர்த்தம் என்று போனில் எனக்குத் தெரியும். லைன் சரியில்லை என்று அர்த்தம். நேரில் தெரியவில்லை.

மாசி மாதம் ஒரு காலையில் மக்காச்சோளக் கொல்லை ஓரமாக நடந்துகொண்டிருந்தபோது முயல் ஒன்று குறுக்கே போயிருக்கிறது. கயிற்றை இவர் மணிக்கட்டில் சுற்றி வைத்திருந்தார். நாய் பாய்ந்ததில் வரப்பில் முகம் குப்புற விழுந்து, பத்தடி இழுபட்டு, மணிக்கட்டு எலும்பு விரிசல் விட்டுவிட்டது. மாவுக்கட்டோடு வந்து உட்கார்ந்தவருக்கு நான் தட்டில் சோற்றைப் பிசைந்து ஸ்பூன் போட்டுக் கொடுத்தேன். நாய் அவர் காலடியில் நின்றுகொண்டே இருந்தது. இனி அதை நடத்த நான்தான் போக வேண்டும்.

இரண்டு நாள் போனேன். என் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. மூன்றாம் நாள் அவருக்குச் சொல்லாமல் உடையார்பாளையத்துக்காரருக்குப் போன் செய்தேன். திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் செய்தேன். அவர் என்னைச் சொல்லவிடவில்லை.

"கயித்துல கட்டி நடத்துனா அதுக்கு நடந்த மாதிரியே இருக்காதும்மா. அவுத்து வுடுங்க. ரெண்டே ஓட்டம். அப்புறம் நாள் பூரா தூங்கும், பாருங்க."

அவிழ்த்துவிட்டால் திரும்பி வருமா என்று கேட்டேன். கூப்பிட்டா வரும் என்றார். எப்படிக் கூப்பிடுவது என்பதை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எங்கள் ஊர் ஏரி அந்த வருஷம் தை மாதமே வற்றிவிட்டது. நடுவில் கருவேலம் இல்லாத வெறும் களர்நிலம் ஒரு பெரிய மைதானம் போலக் கிடக்கும். விடிந்ததும் இரண்டு பேரும் நாயைக் கூட்டிக்கொண்டு அங்கே போனோம். நான் கரையோரம் ஒரு பக்கம், இவர் கழுத்தில் தூளி கட்டித் தொங்கவிட்ட கையோடு எதிர்ப்பக்கம். நடுவில் கூப்பிட்டால் கேட்கும் தூரம். நான் கொக்கியைக் கழற்றினேன்.

அதுவரை அந்த நாய் ஓடி நான் பார்த்ததில்லை. சுவர் தாண்டியதைப் பார்த்திருக்கிறேன், அது வேறு. இங்கே அது உடம்பை இரண்டாக மடித்து, பின்காலை முன்காலுக்கும் முன்னால் கொண்டுவந்து போட்டு, உடனே அம்பு மாதிரி நீண்டது. தரையில் கால் படுகிறதா என்றே தெரியவில்லை. இவரிடம் போய்ச் சேர்ந்தது. இவர் பேர் சொல்லிக் கொஞ்சுவது கேட்டது. அது அவர் வைத்த பேர். நான் வேறு ஒரு பேர் வைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

இப்போது அது என்னிடம் வர வேண்டும். நான் வைத்த பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். வரவில்லை. அவர் வைத்த பேரைச் சொன்னேன். காதை மட்டும் திருப்பியது. விசில் எனக்கு வராது. சூரியன் வந்துகொண்டிருந்தது, எனக்கு வேலைக்குப் போக வேண்டும். இவரை அனுப்பச் சொல்லலாம் என்று, "ஏங்க" என்று கத்தினேன்.

நாய் புறப்பட்டது. நேரே என்னிடம் வந்து, நிற்க முடியாமல் என்னைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, முழங்காலில் வந்து இடித்து நின்றது.

எனக்குக் கொஞ்ச நேரம் விளங்கவில்லை. மறுபடி சோதித்துப் பார்த்தோம். அவர் கூப்பிட்டால் அவர் வைத்த பேருக்குப் போகிறது. நான் ஏங்க என்றால் என்னிடம் வருகிறது. வீட்டில் நான் அதிகம் சொல்லும் சொல் அதுதான் போலிருக்கிறது. ஏங்க, தண்ணி மோட்டார் போடுங்க. ஏங்க, சாப்பிட வாங்க. நான் அப்படிச் சொல்கிற ஒவ்வொரு தடவையும் அது தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று எழுந்து வந்திருக்கிறது. அறைக்கு அறை சுற்றுகிற குணம் அது என்று நினைத்து நான் விரட்டியிருக்கிறேன்.

அன்றைக்கு அது உண்மையாகவே பகல் முழுக்கத் தூங்கியதாம். அடுத்த இரண்டு மாதம் தினமும் ஏரிக்குப் போனோம். நாலைந்து ஓட்டம், பத்து நிமிஷம். மெத்தை கிழியவில்லை. சுவர் தாண்டவில்லை. வீட்டுக்கு வந்து நான் டீ போடும்போது இவர் அடுப்படி வாசலில் நின்று, இன்றைக்கு எங்கே திரும்பியது, எங்கே வழுக்கியது என்று பேசிக்கொண்டே இருப்பார். கப்பல் பட்டறையைப் பற்றிக்கூட அவர் அவ்வளவு சொன்னதில்லை. பக்கத்து வீட்டம்மாவுக்கு ஒரு சேவல் வாங்கிக் கொடுத்தோம். எல்லாம் சரியாகிவிட்டது என்று எனக்கே தோன்றியது.

சித்திரையில் ஒருநாள் பைக்கில் இரண்டு ஆட்கள் வந்தார்கள். ஏரியில் நாய் ஓடுவதைப் பார்த்தார்களாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை முயல் வேட்டைக்குப் போகிறோம், நாயைக் கொஞ்சம் விடுங்கள், கறியில் பங்கு தருகிறோம் என்றார்கள். நான் முடியாது என்றேன். ஃபாரஸ்ட்காரர்கள் பிடித்தால் கேஸ், அரசாங்கச் சம்பளம் வாங்குகிற வீடு இது என்றேன். அவர்கள் என்னைப் பார்க்காமல் இவரைப் பார்த்தார்கள். இவர் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான், வேணாங்க என்றார். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு உறுத்தியது. ஏன் யோசித்தீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அரியலூரில் எங்கள் பெரியப்பா வீட்டுக் கல்யாணம். கை இன்னும் சரியாகவில்லை, கூட்டத்தில் யாராவது இடித்துவிடுவார்கள் என்று இவர் வரவில்லை. மாவுக்கட்டுப் பிரித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, நானும் வற்புறுத்தவில்லை. சாப்பிட்டுவிட்டு மூன்று மணி வாக்கில் வீடு திரும்பினேன். வாசல்படியில் இவர் உட்கார்ந்திருந்தார். மேலே சட்டை, கீழே டவுசர் மட்டும். அவருடைய வேட்டி நாயைச் சுற்றிக் கட்டியிருந்தது. பாதி வேட்டி சிவப்பு.

"கம்பி வேலி" என்றார்.

விலக்கிப் பார்த்தேன். பின்தொடையில் தோல் ஒரு கை அகலத்துக்குத் துணி மாதிரி தொங்கியது. உள்ளே சதை பளபளவென்று தெரிந்தது. நாய் முனகக்கூட இல்லை. என் புடவைத் தலைப்பை மோந்தது. கல்யாணச் சாப்பாட்டு வாசனை அடித்திருக்கும். பட்டுப் புடவையை மாற்றாமலே ஆட்டோ பிடித்தேன்.

ஞாயிறு என்றாலும் அதிர்ஷ்டவசமாக அதே டாக்டரம்மா இருந்தார். இந்த இனத்துக்கு உடம்பில் கொழுப்பு கிடையாது, முழு மயக்கம் கொடுத்தால் சில சமயம் எழாது, மரத்துப்போகிற ஊசி போட்டுத் தைக்கிறேன், நீங்கள் இரண்டு பேரும் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார். நான் தலையைப் பிடித்தேன். இவர் காலைப் பிடித்தார், இன்னும் வீக்கம் வடியாத கையால்.

"எங்க கிழிச்சுது?" என்று டாக்டரம்மா கேட்டார்.

எங்கள் தெருவில் கம்பி வேலி கிடையாது. ஏரியிலும் கிடையாது. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் இவரைப் பார்த்தேன்.

"அவங்களோட போனேன்" என்றார் இவர். டாக்டரம்மாவிடம் இல்லை, என்னிடம். "நாயக் குடுத்து அனுப்பல. நானும்தான் போனேன்."

முயல் வேலிக்கு அடியில் புகுந்து போய்விட்டது. அதே வேகத்தில் நாயும் புகுந்திருக்கிறது. பைக் ஆட்கள் அதைப் பார்த்ததும் கிளம்பிவிட்டார்கள். இரண்டு மைல் இவர் அதைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்.

டாக்டரம்மா ஊசியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "முயல் புடிக்கிறது குத்தம்னு தெரியும்ல சார்?" என்றார். தெரியும் என்றார் இவர். அவர் மறுபடி குனிந்து தைத்தார். நாயின் தலை என் உள்ளங்கையில் கனத்தது. அதன் கண் திறந்தே இருந்தது. ஒவ்வொரு தையலுக்கும் இமை மட்டும் லேசாக மூடித் திறந்தது. கோபம் வந்ததா என்று இப்போது யோசித்தால், வந்தது. ஆனால் அதைவிட, இந்த ஆள் யார் என்ற எண்ணம்தான் பெரிதாக இருந்தது. வேணாங்க என்று சொன்னவரும் இவர்தான். ரத்தம் சொட்டச் சொட்ட இரண்டு மைல் சுமந்தவரும் இவர்தான்.

ஆட்டோவில் திரும்பும்போது ஒன்றே ஒன்று கேட்டேன். இந்த நாயை எதற்குத்தான் வாங்கினீர்கள்?

அவர் நாயின் காதை நீவிவிட்டார். பிறகு சொன்னார்: "அன்னைக்கு மூணு மணி பஸ்ஸுக்குக் கிளம்பி ரோட்டுக்கு வந்துட்டேன். முந்திரிக்காட்டுல இது ஓடிட்டு இருந்துச்சு. தொரத்துறதுக்கு ஒண்ணும் இல்ல, சும்மா ஓடுது. பாத்துக்கிட்டே நின்னேன். பஸ் வந்துச்சு, போயிடுச்சு."

"அதுக்கு?"

"அவ்வளவுதான்."

எனக்குப் புரியவில்லை. புரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவும் இல்லை.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் நான் அவரோடு பேசவில்லை. பதினான்கு நாள் நாய் ஓடக்கூடாது, தையலை நக்கக்கூடாது என்று உத்தரவு. கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு. நான் சுகாதார நிலையத்தில் கை நிறைய அள்ளிக் கொடுக்கும் வலி மாத்திரை எதையும் அதற்குக் கொடுத்துவிடாதீர்கள் என்று டாக்டரம்மா எனக்குத் தனியாகச் சொல்லி அனுப்பியிருந்தார். இந்த நாயை எப்படிப் பதினான்கு நாள் அசையாமல் வைப்பது என்று பயந்திருந்தேன். ஆனால் அது கட்டிலின் ஓரத்தில் சுருண்டு படுத்து, நாள் முழுக்கத் தூங்கியது. மூன்று தெரு சுற்றிய நாயா இது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். ஆறாம் நாளிலிருந்து சாப்பாட்டையும் விட்டுவிட்டது. காய்ச்சல் இல்லை, தையலில் சீழ் இல்லை. டாக்டரம்மாவுக்கும் காரணம் பிடிபடவில்லை.

பத்தாம் நாள் காலையில் குழாயில் தண்ணீர் வந்து தொட்டி நிரம்பி வழிந்தது. என் கையில் தோசை மாவு. வேறு வழியில்லாமல், "ஏங்க" என்றேன்.

அடுப்படி வாசலில் இரண்டு பேரும் வந்து நின்றார்கள். இவர் முன்னால், நாய் கூம்பைக் கதவில் இடித்துக்கொண்டு பின்னால். அன்றைக்கு அது சாப்பிட்டது. என் குரலுக்காகத்தான் பட்டினி கிடந்தது என்று இவர் அடித்துச் சொல்கிறார். புண் ஆறியதால் பசி வந்திருக்கும் என்பது என் கட்சி. எது சரி என்று இன்றுவரை தெரியாது. ஆனால் அன்றைக்கு நான் பேச ஆரம்பித்தபோது நிறுத்த முடியவில்லை. தொட்டி வழிந்தது, தோசை கருகியது, ஒன்பது நாள் சேர்த்து வைத்ததையெல்லாம் கேட்டேன். சொல்லாமல் போனது ஏன், என் வேலைக்கு ஆபத்து வந்தால் என்ன செய்வீர்கள், இன்னும் என்னென்ன சொல்லாமல் இருக்கிறீர்கள். அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். சில பதில் நன்றாக இல்லை. ஆனால் சொன்னார். முன்பெல்லாம் லீவு முடிவதற்குள் சண்டை போட நேரம் இருந்ததில்லை என்று நடுவில் ஒருதரம் சொன்னார். அது குற்றச்சாட்டா சமாதானமா என்று எனக்குப் பிடிபடவில்லை. பைக் ஆட்கள் மறுபடி ஒருமுறை வந்தபோது இவரே வாசலுக்குப் போய் அனுப்பிவிட்டு வந்தார். என்ன சொன்னார் என்று நான் கேட்டேன். சொன்னார்.

இப்போது இவர் ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலை ஒன்றில் காண்டிராக்டில் வெல்டிங் வேலைக்குப் போகிறார். மாற்றி மாற்றி ஷிப்ட். ராத்திரி ஷிப்ட் முடித்து வருகிற நாளில் தூங்காமல் நேரே நாயைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். தொடையில் தையல் போட்ட இடத்தில் முடி முளைக்கவில்லை. ஓட்டத்தில் குறையில்லை.

போன ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. நாலு நாளில் ஏரி நிரம்பிவிட்டது. ஊரே சந்தோஷமாக இருந்தது, நாங்கள் இரண்டு பேரும் கரையில் நாயோடு நின்று விழித்தோம். ஓட இடமில்லை. மூன்று நாளில் அடுத்த மெத்தை போய்விட்டது. பிறகு விசாரித்து, வாலிகண்டபுரம் போகிற வழியில் வெங்காயம் எடுத்துவிட்டுச் சும்மா போட்டிருந்த ஒரு கொல்லையைப் பிடித்தோம். நாலு பக்கமும் வரப்பு, பக்கத்தில் ஆடு கோழி இல்லை, வேலி இல்லை. கொல்லைக்காரம்மாவிடம் காலையில் பத்து நிமிஷம் நாயை ஓட விட்டுக்கொள்கிறோம் என்று கேட்டேன். அவருக்கு நான் கேட்டது புரியவே கொஞ்ச நேரமானது. அடுத்த விதைப்பு வரைக்கும் விட்டுக்குங்க என்றார்.

முதல் நாள் பார்க்க அவரும் வந்து நின்றார். இவர் அந்த ஓரம், நான் இந்த ஓரம். ஈர மண்ணில் நாய் ஆறு ஓட்டம் ஓடியது. சேறு எங்கள் மேலெல்லாம் தெறித்தது. அந்தம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"வேட்டைக்கும் போகமாட்டீங்க. காவலுக்கும் கொரைக்காதுங்கறீங்க. அப்புறம் இது எதுக்குத்தான் உங்களுக்கு?"

நான் அந்த ஓரத்தில் நின்றவரைப் பார்த்தேன். அவர் வேலைக்குப் போகிற பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிஷம்தான் இருந்தது. அவர் கிளம்புகிற மாதிரி தெரியவில்லை.

"தெரியலங்க" என்றேன். அந்தம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. விதைப்புக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, அதற்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, களைக்கொத்தை எடுத்துக்கொண்டு அடுத்த கொல்லைக்குப் போனார்.